தெல் ஹவ்ரா விருந்தறை

மஜ்தல் ஷம்ஸ்
3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அன்பு தவ்கானுக்கு,

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். நேற்று மாலை ஐந்து மணி வரை ஸ்வைதா மருத்துவமனைப் பதிவேட்டில் எழுதப்பட்ட இறந்தவர்களில் உன் மகன் நவ்ராஸின் பெயர் இல்லை. சொன்னவர் டாக்டர் சலீம். பதிவேட்டை இரண்டு முறை புரட்டினாராம். அடையாளம் தெரியாதவர்களையும் பார்த்திருக்கிறார். இருபத்திரண்டு வயது, இடது முழங்கையில் தீக்காயத் தழும்பு, அப்படி யாரும் இல்லை. பெயர் இல்லை என்பதாலேயே பையன் உயிரோடு இருக்கிறான் என்று ஆகிவிடாது. இன்றைக்கு என் கையில் இருப்பது இவ்வளவுதான்.

நீயும் ஹியாமும் தெல் ஹவ்ரா கிராமத்தை விட்டு வந்து நகரத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்பதும் பையனைக் காணவில்லை என்பதும் டாக்டர் சொல்லித்தான் தெரியும். மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உங்கள் பக்கம் போன் கோபுரங்கள் எரிந்துவிட்டன என்பது புரிகிறது. ஆனாலும் குறைபட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. டாக்டர் வாரம் ஒருமுறை நிவாரண லாரிகளோடு டமாஸ்கஸிலிருந்து ஸ்வைதாவுக்கு வருகிறார். நான் எழுதுவதைப் படம் பிடித்து அவருக்கு அனுப்புவேன், அவர் அச்சடித்து உன்னிடம் தருவார். நீ எழுதுவதை அதே வழியில் எனக்கு அனுப்புவார். இரண்டு வரி போதும்.

இங்கே செய்தி என்று சொன்னால், ஜூலை பதினாறாம் தேதி நம் சமயத்து ஆட்கள் எல்லை வேலியை உடைத்துக்கொண்டு உங்கள் பக்கத்து ஹதர் கிராமத்துக்குள் ஓடினார்கள். "ஸ்வைதாவுல நம்ம ஜனங்களை வெட்டுறாங்க, இங்க உக்காந்து ஆப்பிள் பறிக்கவா?" என்று கத்திக்கொண்டே ஓடினார்கள். நானும் ரேடியோ மைக்கோடு ஓடினேன். அறுபத்தொரு வயதில் கம்பி வேலி தாண்டியதில் கால்சட்டை கிழிந்தது. ஐம்பத்தெட்டு வருடமாகப் பார்க்காத அக்காவை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார். யாரோ ஒரு வீட்டில் அத்திப்பழம் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள், தின்றேன். அந்த நேரத்தில்தான் அரசுப் படைகளைத் தடுக்க எங்கள் பக்கத்து விமானங்கள் டமாஸ்கஸ் மேல் குண்டு போட்டன. எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் ராணுவம் எங்களைத் திருப்பிக் கூட்டி வந்தது. உனக்காகப் போனவன் உன் ஊருக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் இப்பாலேயே அத்திப்பழம் தின்றுவிட்டுத் திரும்பினேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஹியாமுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? இன்சுலின் கிடைக்கிறதா? கீழ்த்தெரு ஃபர்ஹான் எப்படி இருக்கிறான்? நாம் டமாஸ்கஸ் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் கட்டில் காலில் ஆட்டுக்குட்டியைக் கட்டிவிட்டு ஓடுவானே, அவனைப் பற்றியும் எழுது.

உன்
ஷக்கீப்


ஸ்வைதா
11 ஆகஸ்ட் 2025

ஷக்கீப்,

கடிதம் கிடைத்தது. ஹியாமுக்குப் படித்துக் காட்டினேன். "பெயர் இல்லை" என்ற வரியை நான்கு முறை படிக்கச் சொன்னாள்.

ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவில் இருக்கிறோம். நான் இருபத்தாறு வருடம் புவியியல் நடத்திய அதே அறை. பதினொரு பேர். கரும்பலகைக்குக் கீழே எங்கள் பாய். பக்கத்துப் பாயில் இருக்கும் எங்கள் ஊர்த் தையற்காரர் காலையில் மத்தே தேநீர் காய்ச்சும்போது, "வாத்தியாரே, நீங்க என்னைய இந்த ரூம்லதான் ரெண்டு வருஷம் பெயில் ஆக்கினீங்க. இப்ப மறுபடியும் சேர்ந்து படிக்கிறோம்" என்கிறார். சிரித்துக்கொண்டுதான் ஒரே குழலை மாற்றி மாற்றி உறிஞ்சுகிறோம்.

நவ்ராஸ் விஷயம் எனக்குத் தெரிந்தவரை: ஜூலை பதினெட்டு, வெள்ளிக்கிழமை. வெளியூர் பெதூயின் பழங்குடிப் படைகள் ஊருக்குள் வருகின்றன என்றதும் நான் ஹியாமைக் கூட்டிக்கொண்டு மேலே நடந்தேன். அவன் என் அப்பாவின் வேட்டைத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, "நீங்க போங்கப்பா, பின்னாலேயே வர்றேன்" என்றான். வரவில்லை. பிக்கப் வண்டி ஒன்றில் நான்கு பையன்களை ஏற்றியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதில் இவன் இருந்தானா என்று தெரியாது.

ஹியாம் ஒரு காரியம் செய்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு வரும் மருத்துவச்சியிடம், "வெள்ளிக்கிழமை ராத்திரி யார் யாருக்குக் குழந்தை பொறந்துச்சு?" என்று கேட்டு வைத்துக்கொள்கிறாள். போன உயிர் அப்போதே நம்மவர்களில் ஒரு பிள்ளையாகப் பிறந்துவிடும் என்று நாம் நம்புவதுதான். ஆனால் அவள் இரண்டு தொட்டில்களைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறாள். "அவன் செத்துட்டான்னு யாரு சொன்னா? ஊரான் தொட்டில்ல ஏன் தேடுற?" என்று சத்தம் போட்டேன். அவள் அழவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

விமானங்கள் பற்றி எழுதியிருந்தாய். இங்கேயும் கேட்டது. ஊரே மாடியில் நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். அன்று இரவே, ஊருக்குள் புகுந்திருந்த அரசுப் படைகள் எங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டன. ஒரு நாள், முழுசாக ஒரு நாள், ஊர் எங்கள் கையில் இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு நாளுக்கான பதில் என்று சிலர் சொல்கிறார்கள்.

ஃபர்ஹான் குடும்பம் கீழ்த்தெருவோடு போய்விட்டது. தர்ஆ பக்கம் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

பையனைத் தேடு. உனக்குத் தெரியாத ஆள் இல்லை, திறக்காத கதவு இல்லை என்று ஹியாமிடம் சொல்லியிருக்கிறேன்.

தவ்கான்


மஜ்தல் ஷம்ஸ்
17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அன்பு தவ்கான், அன்பு ஹியாம்,

நவ்ராஸ் ஜூலை பத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகலில் உயிரோடு இருந்தான். நேரில் பார்த்தவர் சொன்னது. பார்த்தவர் ஃபர்ஹானின் மனைவி வத்ஹா.

ஹியாம், இனித் தொட்டில்களைப் பார்க்கப் போகவேண்டாம்.

எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். தர்ஆவில் தானிய வியாபாரி ஒருவர் கைதிகளை இருபக்கமும் மாற்றிக்கொள்வதற்கு நடுவில் நின்று பேசுகிறார். எல்லோரும் ஹாஜி என்கிறார்கள். அவருடைய மருமகன் தெல் ஹவ்ராவிலிருந்து போன பெதூயின் குடும்பங்கள் தங்கியிருக்கும் இடத்துக்குப் போய், தன் போனை வத்ஹாவிடம் கொடுத்தான். பதினேழு நிமிடம் பேசினேன். குறிப்பு எடுத்திருக்கிறேன்.

வத்ஹா பிள்ளைகளோடு வியாழன் அந்தியில் ஊரைவிட்டு நடந்து, வெள்ளி இரவு சொந்தக்காரர்களின் கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். சனிக்கிழமை அங்கே பிடிபட்ட பையன்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மூன்றாவதாக இறங்கியவன் நவ்ராஸ். காலில் செருப்பு இல்லை. அவமதிக்க மீசையை மழித்துவிட்டிருந்தார்கள். அவன் இவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டானாம். இவள் நேராகப் போய்த் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். கூடாரத்து ஆண்களிடம், "இவன் எங்க ஊரு வாத்தியார் புள்ள. இவங்க அம்மா கையால சாப்பிட்டிருக்கேன். இவன் மேல கை வைக்கிறவன் என்னையத் தாண்டிப் போகணும்" என்று சொன்னதாகச் சொன்னாள். அவளுடைய மைத்துனன் அவனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். இப்போது அந்தக் குலத்தாரிடம்தான் இருக்கிறான். எந்த ஊர் என்று சொல்லவில்லை.

இதற்கு அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கடைசியில் ஒன்று சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ரேடியோக்காரரே, உங்க கூட்டாளிகிட்ட கேளுங்க. என் வீட்டுக்காரர் அவர் விருந்தறையிலதானே இருந்தாரு? கதவைத் தொறந்தது யாரு? ஒரு மாசமாச்சு. எங்க வச்சிருக்காங்கன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க."

நீ எனக்கு எழுதியது ஃபர்ஹான் குடும்பம் கீழ்த்தெருவோடு போய்விட்டது என்று. இரண்டும் ஒத்துவரவில்லை. நான் குற்றம் சாட்டவில்லை, கேட்கிறேன். எழுது.

ஷக்கீப்


ஸ்வைதா
25 ஆகஸ்ட் 2025

ஷக்கீப்,

ஹியாம் உன் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள். முதல் பக்கத்தை மட்டும்தான் கொடுத்தேன்.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். அரசுப் படையின் வண்டி வரிசை செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் ஊருக்குள் வந்தது. அதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஹியாமின் இன்சுலின் தீர்ந்துவிட்டது. நம்மவன் யாரும் கீழே மருந்துக்கடைக்குப் போக முடியாது. ஃபர்ஹான் போவான், அவன் பெதூயின், அவனை விடுவார்கள். நான்தான் போகச் சொன்னேன். அவன் தன் வெள்ளை பிக்கப்பை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வரும்போது வண்டி வரிசை அவன் பின்னாலேயே ஏறி வந்தது. மருந்தைக் கொடுத்துவிட்டு, "அவங்க என் பின்னாடியே வர்றாங்க வாத்தியாரே, கதவைச் சாத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

புதன்கிழமை மதியம் அவனும் வத்ஹாவும் மூன்று பிள்ளைகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். மேல்தெருப் பையன்கள் கீழ்த்தெருவை எரிக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அவன் வாசலில் நின்று, "நான் உங்க முகத்துல இருக்கேன், வாத்தியாரே" என்றான். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அவன் உயிர் என் பொறுப்பு. நம் தாத்தாக்கள் ஒரு விருந்தாளிக்காகப் பிரெஞ்சுக்காரனோடு சண்டை போட்டார்கள் என்று சொல்லிச் சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள். பெண்களை உள்ளே விட்டு, அவனை விருந்தறையில் உட்காரவைத்தேன்.

அப்புறம்தான் விமானச் சத்தம். நான் மாடிக்குப் போய்க் கைதட்டினேன் என்று எழுதினேனே, அப்போது அவன் கீழே உட்கார்ந்திருந்தான். இறங்கி வந்தபோது என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் காபி கிண்ணத்தை நிரப்பினேன்.

சாயங்காலம் நாலரைக்குத் தையற்காரர் வீட்டு ரேடியோவில் உன் குரல் கேட்டது. "தெல் ஹவ்ராவின் கீழ்த்தெரு பெதூயின்கள் படைக்கு வழிகாட்டினர். ஒரு வெள்ளை பிக்கப் முன்னால் சென்றது." ஊரில் வெள்ளை பிக்கப் ஒன்றுதான்.

வியாழன் காலை எட்டுப் பேர் வந்தார்கள். எல்லோரும் என்னிடம் படித்தவர்கள். "வாத்தியாரே, ரேடியோவிலயே சொல்லிட்டாங்க. உங்க வீட்ல துரோகியை வச்சிருக்கீங்களா?" என்றான் ஒருவன். அந்த வண்டியை அனுப்பினது நான் என்று சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. சொன்னால் அடுத்து என்னைத்தான் கேட்பார்கள் என்று தோன்றியது. "விருந்தாளிடா அவன்" என்று மட்டும் சொன்னேன். "நீங்க தள்ளுங்க வாத்தியாரே" என்றான். தள்ளி நின்றேன்.

கதவை அவர்கள் உடைக்கவில்லை. நான்தான் திறந்தேன்.

விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்கள். அவர்களிடம்தான் இருக்கிறான்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கேட்டாய், எழுதினேன்.

தவ்கான்


மஜ்தல் ஷம்ஸ்
30 ஆகஸ்ட் 2025, சனி

தவ்கான்,

உன் கடிதத்தை வியாழன் படித்தேன். இரண்டு நாள் எழுத முடியவில்லை.

அந்தச் செய்தி வாசிக்கப்பட்டது ஜூலை பதினாறு, மாலை நாலு பத்துக்கு. நாலரைக்கு நீ கேட்டது மறு ஒலிபரப்பு. ஆதாரம் ஒருவர். நம்மவர்தான், இங்குள்ள ராணுவத்தில் அதிகாரி. போனில் சொன்னார்: "ட்ரோன் படத்துல நான் பார்த்தேன் அண்ணே. வரிசைக்கு முன்னால ஒரு வெள்ளை பிக்கப். கீழ்த்தெருவுலேர்ந்துதான் கிளம்புச்சு." முன்னால் போகிறவன் வழிகாட்டிக்கொண்டு போகிறானா, துரத்தப்பட்டுப் போகிறானா என்று படத்தில் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. முப்பத்தொரு வருடமாகப் புதிதாக வரும் நிருபர்களிடம் இரண்டு ஆதாரம் இல்லாமல் ஒரு தெருவின் பெயரைச் சொல்லாதே என்று பாடம் நடத்துகிறவன் நான். அன்றைக்கு ஹதரிலிருந்து கிழிந்த கால்சட்டையோடு, காதில் கைதட்டல் சத்தத்தோடு பேசினேன். நம்மவர் ஒருவர் நம்மவர்களைப் பற்றிச் சொல்கிறார், அதை இன்னொருவரிடம் சரிபார்ப்பதே துரோகம் போலத் தோன்றியது. அவ்வளவுதான் காரணம். வேறு இல்லை.

செய்தி ஆசிரியரிடம் திருத்தம் சொல்லவேண்டும் என்றேன். "யாருமே கேக்கல. நீ ஏன் கிளறுற? நம்ம ஆளுங்க அங்க செத்துக்கிட்டிருக்காங்க, நீ பெதூயினுக்கு வக்காலத்து வாங்குறியா?" என்றார். நேற்றுக் காலை என் நிகழ்ச்சியின் முடிவில் அனுமதி இல்லாமல் நானே படித்தேன். நாற்பது வினாடி. வெள்ளை பிக்கப் ஒரு நோயாளிக்கு மருந்து கொண்டுபோனது, வழிகாட்டவில்லை, முன்பு சொன்னது தவறு, தவறு என்னுடையது. உன் பெயரையும் ஹியாம் பெயரையும் சொல்லவில்லை. இன்று முதல் மைக் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் ரொட்டிக்கடைக்காரர் எனக்குச் சலாம் சொல்லவில்லை. நீ திறந்த கதவோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. உனக்குத் தெரியவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இனி முக்கியமானது. ஹாஜி நேற்று இரவு பேசினார். வத்ஹாவின் மைத்துனனும் குலத்துப் பெரியவர்களும் சம்மதித்திருக்கிறார்கள்: ஃபர்ஹானைக் கொடுத்தால் நவ்ராஸைக் கொடுப்பார்கள். ஆளுக்கு ஆள். செப்டம்பர் பதினொன்று, வியாழன், காலை பத்து மணி, புஸ்ரா சாலைச் சோதனைச் சாவடியில். ஃபர்ஹான் உயிரோடு இருக்கிறான், கொண்டுவருவோம் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி கேட்கிறார்கள். "வாத்தியார் எழுதிக் கொடுத்தாப் போதும், எங்களுக்கு வேற யாரும் வேண்டாம்" என்று வத்ஹா சொன்னதாக ஹாஜி சொன்னார். இத்தனைக்குப் பிறகும் அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

அந்த எட்டுப் பேரிடம் போ. ஃபர்ஹானை நேரில் பார். பார்த்துவிட்டு எழுது.

ஷக்கீப்


ஸ்வைதா
4 செப்டம்பர் 2025

ஷக்கீப்,

இந்தக் கடிதத்தை டாக்டரிடம் ஒட்டிக் கொடுக்கிறேன். படம் பிடிக்க மட்டும் பிரிக்கவேண்டும், உன்னைத் தவிர யாரும் படிக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஃபர்ஹான் இல்லை. அந்த ஜூலை வியாழக்கிழமை மதியமே இல்லை. கூட்டிக்கொண்டு போய் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. சத்தம் கேட்டு நான் போனேன். தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால், திராட்சைத் தோட்டத்து ஓரத்தில் கிடந்தான். பையன்கள் போய்விட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து மண்வெட்டியும் ஒரு போர்வையும் எடுத்துக்கொண்டு போனேன். ஹியாம் எதற்கு என்று கேட்டாள். வாய்க்கால் அடைத்திருக்கிறது என்றேன்.

தனியாகத்தான் தோண்டினேன். பாறை நிலம், இடுப்பளவுக்கு மேல் போகவில்லை. மக்காவுக்கு முகம் திருப்பி வைக்கவேண்டும் என்று தெரியும். திசைமானி பையில் இருந்தது. தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே. அதைச் சரியாக வைத்தேன். என்ன ஓதவேண்டும் என்று தெரியவில்லை. மண்ணைத் தள்ளி மூடினேன்.

கை கால் கழுவிவிட்டு வீட்டுக்குள் போனேன். வத்ஹா அடுப்படியில் ஹியாமோடு இருந்தாள். "எங்க அண்ணே அவரு?" என்றாள். "விசாரிச்சிட்டு விட்டுடுவாங்கம்மா. நீ பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு, அவன் பின்னாலயே வருவான்" என்றேன். அந்தி நேரத்தில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கட்டிக் கொடுத்து, தோட்டம் வழியாக அனுப்பிவைத்தேன். தண்ணீர்த்தொட்டிப் பக்கம் போகாத வழியைக் காட்டினேன். போகும்போது அவள் என் கையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

ஏன் உனக்கு முதல் கடிதத்திலேயே எழுதவில்லை என்று கேட்பாய். எழுதினால் நடந்தது என்று ஆகிவிடும். அதுவரைக்கும் அது எனக்கும் மண்வெட்டிக்கும் மட்டும்தான் தெரியும்.

அந்த எட்டுப் பேரின் தலைவனைப் பார்த்தேன். வரும் வியாழக்கிழமை வேறு இரண்டு பெதூயின் கைதிகளைக் கொண்டுவருவதாகச் சொல்கிறான். ஃபர்ஹான் அடுத்த வண்டியில் வருகிறான் என்று அங்கே சொல்லிவிட்டால், அதற்குள் நவ்ராஸ் இந்தப் பக்கம் வந்துவிடுவான் என்கிறான். அவர்கள் கேட்ட ஒரு வரியை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இன்னொரு தாளில் குழி இருக்கும் இடத்தை வரைந்திருக்கிறேன். ஊர் இப்போது அவர்கள் பக்கம் இருக்கிறது, அவர்களால் போய் எடுக்க முடியும். தொட்டியின் தென்மேற்கு மூலையிலிருந்து பதினான்கு அடி.

அந்த ஒரு வரியை இப்போது கொடு. படத்தை வியாழன் மதியம் கொடு. ஒரு வாரத் தாமதம், வேறொன்றும் இல்லை. செத்தவனுக்கு அவசரமில்லை, உயிரோடு இருப்பவனுக்கு இருக்கிறது. இதை எழுதுகிற கை என்னுடையதுதானா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் ஹியாம் பையனுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கி வைத்திருக்கிறாள்.

நாற்பத்திரண்டு வருட நட்பில் ஒரு பொய் சொல்லச் சொல்லி உன்னிடம் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

தவ்கான்


மஜ்தல் ஷம்ஸ்
8 செப்டம்பர் 2025, திங்கள்

தவ்கான்,

ஃபர்ஹான் இறந்த செய்தி நேற்று மாலை ஆறு இருபதுக்கு வத்ஹாவிடம் தெரிவிக்கப்பட்டது. தெரிவித்தவன் நான். உன் ஒரு வரியைக் கொடுக்கவில்லை. அதன் அச்சு இங்கே என் மேசையில் இருக்கிறது.

சனிக்கிழமை முழுவதும் அதைக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதையும் உனக்குச் சொல்லவேண்டும். ஹாஜியின் மருமகனுக்கு அனுப்புவதற்காகப் போனில் எடுத்துக்கூட வைத்தேன். அனுப்பவில்லை. அந்த வரியைக் கொடுத்தால் அந்தப் பெண்ணுக்கு என்னிடமிருந்து போகும் இரண்டாவது பொய்ச் செய்தி அது. முதலாவதில் அவள் கணவன் போனான். சாவடியில் பொய் வெளிப்பட்டால் அடுத்தடுத்த கைதி மாற்றங்களும் நின்றுவிடும், இருபக்கமும் இன்னும் எத்தனையோ பேர் அடைபட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் காரணம் சொல்லலாம். உண்மைதான். ஆனால் நான் அவளிடம் பேசியது அதற்காக இல்லை. அவள் உன் மகனுக்குத் தண்ணீர் கொடுத்தபோது முதலில் எதையும் கேட்டுக்கொண்டு கொடுக்கவில்லை. அதற்காக.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உங்க வீட்டுக்காரர் உயிரோடு இல்லை என்றேன். அவளுக்குப் பின்னால் ஏதோ குழந்தை அழுதது. பிறகு கேட்டாள்.

"எந்த நாளு?"

"ஜூலை பதினேழு. வியாழக்கிழமை. மத்தியானம்."

"மத்தியானமா? அப்ப சாயங்காலம் ரொட்டி கட்டிக் குடுத்தப்ப வாத்தியாருக்குத் தெரியும்."

"தெரியும்."

"விதவைக்கான இத்தா நாளு அன்னையிலேர்ந்து கணக்குப் போடணும். நான் ஒண்ணரை மாசத்துக்கு மேல காதுல கம்மலோட திரிஞ்சிருக்கேன்."

கம்மலைக் கழற்றியிருக்கவேண்டும், போனில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. பிறகு ரேடியோவில் வெள்ளை பிக்கப் பற்றிச் சொன்னது நான் என்று சொன்னேன். அது அவளுக்குத் தெரியாது. "நீங்கதானா அது" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எழுதியிருப்பேன். திட்டவில்லை.

படத்தில் உள்ளதைப் படித்துச் சொன்னேன். தொட்டி, தென்மேற்கு மூலை, பதினான்கு அடி. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "காகிதம் வேண்டாம்" என்றாள். "வாத்தியார் வரட்டும். எந்த இடத்துல தோண்டணும்னு அவரு கையால காட்டட்டும். எங்க ஆம்பிளைங்க முன்னால, எம் பிள்ளைங்க முன்னால. அந்த வண்டி எதுக்குப் போச்சுன்னும் அங்கேயே சொல்லட்டும்."

நவ்ராஸ் என்ன ஆவான் என்று கேட்டேன். "அது ஆம்பிளைங்க கையில இருக்கு. நான் கேக்குறேன். குடுப்பாங்கன்னு என் வாயால சொல்லமாட்டேன். இதுக்கு மேல ஒரு பொய் நடுவுல வேண்டாம்."

ஒருவேளை உன் மகனை நான் கொன்றிருக்கலாம். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. நீ இனி எனக்கு எழுதாமல் போகலாம். ஹியாமிடம் என்ன சொல்வது என்பதை நீதான் முடிவு செய்யவேண்டும். என் பெயரைச் சொல்லிச் சொல், மறைக்காதே.

ஹாஜி உன்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு தெல் ஹவ்ராவுக்குக் கூட்டிப் போய், சாவடியில் திரும்பக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்கிறார். அவர்களிடமும் வாக்கு வாங்கிவிட்டாராம். அந்த வாக்கை நான் ஹாஜியிடமிருந்து மட்டும்தான் கேட்டேன், வேறு யாரும் உறுதிசெய்யவில்லை. தெரிந்துகொண்டு முடிவெடு. என்னால் வர முடியாது. போன வாரமே எல்லையில் அனுமதி கேட்டேன், மறுத்துவிட்டார்கள்.

டாக்டர் செவ்வாய் மாலை இதை உன்னிடம் தருவார். நவ்ராஸ் நேற்று, ஞாயிறு மதியம் வரை உயிரோடு இருந்தான். சொன்னவள் வத்ஹா, சோறு கொண்டுபோய்க் கொடுத்தவளும் அவள்தான். அந்தச் சோற்றைக் கொடுத்தது என் போனுக்கு முன்னால். பிறகு கொடுத்தாளா என்று தெரியாது.

குலத்துப் பெரியவர்கள் புதன்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கூடுகிறார்கள். நீ வருகிறாயா இல்லையா என்பதை அதற்கு முன், புதன் மதியத்துக்குள், டாக்டரிடம் சொல்லவேண்டும். வியாழன் காலை பத்து மணி என்பது இன்னும் ரத்தாகவில்லை. உறுதியாகவும் இல்லை.

ஷக்கீப்